தோய்ச்சலும் பதமும்: கொல்லுலைச் சொற்களின் வழிக் கத்தி செய்முறை – ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டையொட்டிய சிறு பட்டறையில் கையால் கத்தி வடிக்கும் தொழிலுக்குத் தமிழில் நீண்ட சொல் மரபு உண்டு. அச்சொற்களுள் 'தோய்ச்சல்' என்பதற்கு அகராதி மரபு தந்துள்ள ஆங்கிலப் பொருள் இன்றைய உலோகவியல் வழக்கோடு முரண்படுகிறது. சங்கப் பாடல்கள் காட்டும் கொல்லுலைச் செய்திகளையும் கத்தி செய்முறையின் படிநிலைகளையும் ஒருங்கு வைத்து நோக்கி, இம்முரண் எவ்வாறு தோன்றியது என்பதையும் அதனைக் களையும் வழியையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொல்லுலை, பட்டடை, வடித்தல், தோய்ச்சல், பதம், சாணை.

முன்னுரை

ஊர்க்கொல்லரிடம் அரிவாளும் கத்தியும் சொல்லிச் செய்துகொண்ட வழக்கம் சுருங்கிவிட்டது. ஆயினும் திருப்பாச்சேத்தி போன்ற ஊர்களின் பெயர் இன்றும் அரிவாளோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. மறுபுறம், கொல்லர் குடியில் பிறவாத சிலரும் வீட்டின் பின்கட்டில் சிறிய உலை அமைத்துக் கத்தி செய்யப் பழகி வருகின்றனர். இவர்கள் தொழிலைக் கற்பது பெரும்பாலும் ஆங்கில நூல்களிலிருந்து. அங்குக் கற்றதைத் தமிழில் சொல்ல முற்படும்போது அகராதியை நாடுகின்றனர். அகராதி ஒரு சொல்லைத் தருகிறது. அச்சொல் பட்டறையில் வேறொரு செயலைக் குறிக்கிறது. விளைவாக, செய்த கத்தி முதல் வெட்டிலேயே வாய் உதிரும், அல்லது மடங்கும். சொல்லாய்வுக்கு இவ்வளவு நேரடியான பயன் அமைவது அரிது.

தொழிற்சொற்களைத் தொகுத்தோர் பெரும்பாலும் கருவிப் பெயர்களையே மிகுதியும் திரட்டியுள்ளனர். உலை, துருத்தி, குறடு, சம்மட்டி என்னும் பெயர்ச்சொற்கள் பட்டியல்களில் எளிதில் கிடைக்கின்றன. செயலைச் சுட்டும் வினைகளும் தொழிற்பெயர்களும் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. தொழிலறிவு பெரிதும் உறைவது வினைகளில்தான் என்பதால் இக்கட்டுரை அவற்றையே முதன்மையாகக் கொள்கிறது.

குறிய இல்லும் மிதிதோலும்

கொல்லன் தொழில் செய்யும் இடத்தைச் சங்கப் பாடல்கள் பெருங்கூடமாகக் காட்டவில்லை. அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார் பாடிய புறநானூற்று 95ஆம் பாடல், இருவரது படைக்கலங்களையும் ஒப்பிடுகிறது. ஒருவனுடையவை பீலி அணிந்து, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் உள்ளன. மற்றவனுடையவை நுனி சிதைந்து கொல்லனது குறிய இல்லில் கிடக்கின்றன. பாடலின் அங்கதம் பலராலும் எடுத்துரைக்கப்பட்டதே. தொழில் வரலாற்று நோக்கில் இரண்டு செய்திகள் இங்குக் குறிக்கத்தக்கன. கொல்லுலை இருந்த இடம் 'இல்' என்னும் சொல்லாலேயே, அதுவும் சிறியது என்னும் அடையோடு, சுட்டப்படுகிறது. அன்றியும் நெய்ப்பூச்சு வெறும் ஒப்பனை அன்று. கரிச்சத்து மிக்க இரும்பு ஈரக்காற்றில் விரைந்து துருவேறும். எண்ணெய்ப் படலமே அதனைக் காக்கும். இன்றும் கையால் செய்த சமையற்கத்தியைக் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்கவேண்டும் என்பது பட்டறைகளில் முதலில் சொல்லப்படும் அறிவுரை.

கச்சிப்பேட்டு நன்னாகையாரின் குறுந்தொகை 172ஆம் பாடலில், தலைவியின் நெஞ்சு எல்லையின்றி வருந்துவதற்கு ஓர் உவமை கூறப்படுகிறது. ஏழு ஊர்களின் பொது வேலைக்காக ஓர் ஊரில் அமைந்த உலையில் ஓயாது மிதிபடும் துருத்தித்தோலே அவ்வுவமை. உவமையின் அடியில் ஒரு பொருளியல் ஏற்பாடும் புலனாகிறது: ஒரு சிற்றுலை பல ஊர்த் தேவைகளை ஏற்று நடத்திற்று. 'மிதிதோல்' என்னும் சொல் துருத்தி காலால் இயக்கப்பட்டதைக் காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையும் 'மிதியுலை' என்று கூறும். அந்நூல் நண்டின் கவைத்த காலுக்குக் கொல்லனின் முறிந்த கொடிற்றை உவமை ஆக்குகிறது. கொடிறு என்பது இன்றைய குறடு. துருத்தி மூச்சுவிடும் ஓசையை நற்றிணை 125ஆம் பாடல் புற்றை அகழும் ஆண் கரடியின் உயிர்ப்போடு ஒப்பிடுகிறது. தோல் துருத்தி இயங்குவதை அருகிருந்து கேட்டவர்க்கு இவ்வுவமையின் நுட்பம் விளங்கும். காற்றை உள்ளிழுக்கும்போது ஓர் ஒலியும் வெளித்தள்ளும்போது வேறோர் ஒலியும் எழும்.

தொழிற்களத்தைக் குறிக்க இன்று வழங்கும் 'பட்டறை' என்னும் சொல் 'பட்டடை' என்பதன் திரிபாகக் கொள்ளப்படுகிறது. பட்டடை முதலில் அடைகல்லின் பெயர். சூடேறிய இரும்பை வைத்து அடிப்பதற்குரிய திண்ணிய பரப்பு. திருக்குறள் 821ஆம் குறளில் கூடா நட்புக்கு உவமையாக வருவது இதுவே. கருவியின் பெயர் கருவி இருக்கும் இடத்திற்கும் ஆகி, பின்னர் எல்லா வகைத் தொழிற்கூடத்திற்கும் பொதுவாயிற்று. பயிற்சி வகுப்புகளும் இன்று 'பயிற்சிப் பட்டறை' எனப்படுகின்றன. புறநானூற்று 170ஆம் பாடலில் இதே கருவி 'உலைக்கல்' எனவும், அதன்மேல் வீசி அடிக்கப்படும் பெருஞ்சுத்தியல் 'கூடம்' எனவும் குறிக்கப்படுகின்றன. வீட்டுப் பட்டறை அமைப்போர் முதலில் தேடுவதும் இந்தப் பட்டடையைத்தான். தண்டவாளத் துண்டு ஒன்றை மரக்கட்டையில் இறுக்கிப் பொருத்தினாலும் சிறு கத்திக்குப் போதும். அடி வாங்கும் பரப்பு அசையாதிருத்தலே வேண்டப்படுவது.

வடித்தல்

மகனைப் பெறுதல், சான்றோன் ஆக்குதல் முதலிய கடமைகளை வரிசைப்படுத்தும் பொன்முடியாரின் புறநானூற்று 312ஆம் பாடலில், வேலை வடித்துத் தருதல் கொல்லனது கடமையாகச் சொல்லப்படுகிறது. 'வடித்தல்' என்னும் வினையே இங்குக் கருதத்தக்கது. சோற்றிலிருந்து கஞ்சியை வடிக்கிறோம். சிற்பி சிலை வடிக்கிறான். கொல்லன் வேல் வடிக்கிறான். வேண்டாததை நீக்குதல், வடிவம் தருதல், கூராக்குதல் என்னும் பொருள்கள் இவ்வினையில் கலந்துள்ளன. கத்தி செய்முறையிலும் இம்மூன்றும் ஒன்றையொன்று தொடர்வனவே.

இன்றைய ஊர்ப்பட்டறைகளில் கத்திக்கும் அரிவாளுக்கும் மூலப்பொருளாக மிகுதியும் பயன்படுவது பழைய சுமையுந்தின் வில்பட்டை; பேச்சுவழக்கில் 'லாரிப் பட்டை' எனப்படும். இதில் கரிச்சத்து ஏறத்தாழ நூற்றுக்கு 0.5 முதல் 0.6 பங்கு இருக்கும். வளைந்து மீளும் தன்மைக்காகச் சிறிதளவு பிற உலோகங்களும் சேர்க்கப்பட்டிருக்கும். கட்டுமானக் கம்பியிலும் சாதாரண இரும்புத் தகட்டிலும் கரிச்சத்து மிகக் குறைவு. அவற்றை எவ்வளவு அடித்துத் தீட்டினாலும் கூர் நிலைக்காது. இரும்பு, எஃகு என்னும் இரு சொற்களைத் தமிழ் தொடக்கத்திலிருந்தே வேறுபடுத்தி வழங்குவதும், சங்க இலக்கியத்தில் 'எஃகு' என்பதே வேல் முதலிய படைக்கலத்துக்கும் பெயராக நிற்பதும் இவ்வேறுபாட்டை உணர்த்துவனவாகும். கூர் வேண்டிய இடத்தில் எஃகே வேண்டும் என்பது பெயரிலேயே பதிந்துவிட்டது.

பட்டையை உலையில் இட்டுப் 'பழுக்கக் காய்ச்சுதல்' முதற்படி. கனியின் நிறமாற்றத்தைக் குறிக்கும் வினை இரும்புக்கு ஆகி வந்திருப்பது தற்செயல் அன்று. வெப்பமானி இல்லாத உலையில் நிறமே அளவு. செம்மை கடந்து இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த நிலையில் இரும்பு அடிக்கு இசையும். கருஞ்சிவப்பாகக் குறைந்தபின் அடித்தால் உள்ளே விரிசல் விழும். வெண்மையேறிப் பொறி பறக்கும் அளவுக்குக் காய்ச்சினால் எஃகு எரிந்து பயனற்றுப் போகும். முனையை முதலில் கூராக்கிப் பின்னர் வாய்ப்பக்கத்தைச் சரிவாக அடிக்கும்போது, அப்பக்கம் நீண்டு கத்தி முதுகுப்புறமாக வளையும். இதனை அறிந்த கொல்லர் முன்னதாகவே பட்டையை எதிர்ப்புறம் சற்று வளைத்துவிட்டுப் பிறகு வாயை அடிப்பர். அப்போது கத்தி தானே நேராகும். வாய், முதுகு, அலகு, பிடி எனக் கத்தியின் உறுப்புகள் அனைத்தும் உயிர்களின் உடலை நினைவூட்டும் பெயர்களாகவே அமைந்துள்ளமையும் உடன் எண்ணத்தக்கது.

அடித்து முடித்த அலகைச் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட்டால் எஃகு இளகும். அந்நிலையில்தான் அரம் அதன்மேல் ஏறும். அரம் திருக்குறளில் 567, 888, 997 ஆகிய மூன்று குறள்களில் உவமையாகிறது. 997ஆம் குறள் அதன் கூர்மையைக் குறிக்க, மற்ற இரண்டும் அது தேய்த்து அழிக்கும் தன்மையைக் குறிக்கின்றன. பட்டறையில் அரத்திற்கு இன்னொரு வேலையும் உண்டு. அது அடுத்த பகுதியில் கூறப்படும்.

இரு நீர்கள்

கொல்லுலையில் நீர் பயன்படும் செய்தி சங்கப் பாடல்களில் இரு வேறு வகையாக வருகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் போக்கு உண்டு, அது திருத்தப்படவேண்டும்.

நற்றிணை 133ஆம் பாடலில், தோழியின் ஆறுதல் மொழிக்குக் கொல்லன் வெவ்விய உலையில் தெளித்த சிறிதளவு நீர் உவமையாகிறது. நீரில் தோய்ந்த பனைமடலால் அது தெளிக்கப்படுகிறது. இந்நீர் இரும்புக்கு உரியது அன்று, கரிக்கு உரியது. உலையின் ஓரங்களில் உள்ள கரி வீணே எரியாமல், நெருப்பு நடுவில் மட்டும் குவிந்து நிற்கவே கொல்லர் இவ்வாறு தெளிப்பர். தெளித்த நீர் உலையை அணைப்பதில்லை; நெருப்பை ஒடுக்கி உள்ளே வலுப்படுத்துகிறது. இச்செய்முறையை அறிந்து படிப்பவர்க்குப் பாடலின் பொருள் ஆழமாகிறது. தோழியின் சொல் தலைவியின் காமநோயைச் சற்றே தணிப்பதாகத் தோன்றினும், உள்ளே கனல் நீங்கவில்லை என்பது உவமையாற்றலால் பெறப்படும்.

ஐயூர் மூலங்கிழாரின் புறநானூற்று 21ஆம் பாடலில் வரும் நீர் வேறு. பகைவர் இழந்த கானப்பேரெயிலை மீட்பது, செந்தீயில் காய்ந்த இரும்பு உண்ட நீரை மீட்பதினும் அரிது என்பது அப்பாடலின் கருத்து. இங்கு நீர் இரும்பையே சேர்கிறது. 'உண்ணுதல்' என்னும் வினை, இரும்பு நீரை ஏற்றுத் தன்னுள் மாறிவிட்டது என்னும் எண்ணத்தைத் தருகிறது. உலோகவியல் நோக்கில் இரும்பு நீரைப் பருகுவதில்லை, நீர் ஆவியாகிறது. ஆனால் இரும்பு மாறுவது உண்மை. அம்மாற்றம், மீண்டும் காய்ச்சினாலன்றி, மீளாது என்பதும் உண்மை.

தோய்ச்சல்

செந்தழலாகக் காய்ந்த எஃகை நீரிலோ எண்ணெயிலோ திடீரென ஆழ்த்துவதே தோய்ச்சல். உழவர் பேச்சில் 'துவைச்சல்' என்பதும் இப்பொருளில் வழங்கும். மண்வெட்டி, கொழு, கடப்பாரை ஆகியவற்றுக்கும் துவைச்சல் போடப்படும். துணி துவைத்தலில் அடித்தலும் நனைத்தலும் ஒருங்கே அமைவதுபோல, முனை மழுங்கிய கருவியைக் காய்ச்சி அடித்து நீரில் இடும் முழுச்செயலும் இச்சொல்லில் அடங்குகிறது.

சூடு சுமார் 770 பாகை செல்சியசைக் கடக்கும்போது இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். ஆகவே வீட்டுப் பட்டறையில் ஒரு சிறு காந்தமே வெப்பமானியாகிறது. காந்தம் ஒட்டாத நிலையிலிருந்து இன்னும் சற்றுச் சூடேற்றி, 800 முதல் 850 பாகை வரையிலான அளவில் அலகை ஆழ்த்துவர். கரிச்சத்து இரும்பின் கட்டமைப்பிலிருந்து விலக நேரமின்றி உள்ளேயே சிறைப்பட, எஃகு மிகுந்த கடினம் அடைகிறது. செருமானிய உலோகவியலார் அடால்ப் மார்ட்டென்சின் பெயரால் இந்நிலை 'மார்ட்டென்சைட்' எனப்படும். வில்பட்டை போன்ற கலப்பு எஃகை நீரில் இட்டால் வெடிக்கக் கூடும். சூடான எண்ணெயே ஏற்றது. தோய்ச்சல் ஏறியதா என அறிய, முன்னர்க் குறித்த அரம் உதவுகிறது. வாயின்மேல் அரத்தை இழுத்தால் அது பற்றாமல் வழுக்கிச் செல்லவேண்டும்.

இந்நிலையில் கத்தி முடிந்துவிட்டதாகக் கருதுவதே பெரும்பிழை. வெறும் தோய்ச்சல் பெற்ற அலகு கண்ணாடி போன்றது. தரையில் விழுந்தாலும் உடையலாம். அதனை மீண்டும் 180 முதல் 230 பாகை வரை மெல்லச் சூடாக்கி, கடினத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறவேண்டும். இந்த இரண்டாம் சூட்டையே இன்றைய ஆங்கிலத் தொழில்நூல்கள் 'டெம்பரிங்' என்கின்றன. ஆனால் தமிழ்–ஆங்கில அகராதி மரபு 'தோய்ச்சல்', 'துவைச்சல்' ஆகியவற்றுக்கு இதே 'டெம்பரிங்' என்னும் சொல்லைப் பொருளாகத் தந்துள்ளது. முரண் இங்குத்தான் தோன்றுகிறது. ஆங்கில நூலில் 'டெம்பரிங்' என்று கண்டு, அதற்குத் தமிழ் தோய்ச்சல் என்று அகராதியில் பார்த்து, தோய்ச்சல் என்றால் நீரில் இடுவது என்று பட்டறையில் கேட்டறியும் ஒருவர், இரண்டாம் சூட்டை அறவே விட்டுவிடுவார்.

அகராதி செய்தோர் அறியாமையால் இவ்வாறு எழுதினர் என்று முடிவுகட்டுதல் நேர்மையன்று. இரு காரணங்கள் உள்ளன. முதலாவது ஆங்கிலச் சொல்லின் வரலாறு. அம்மொழியின் முந்தைய வழக்கில் 'டெம்பர்' என்பது எஃகைத் தக்க தன்மைக்குக் கொணரும் முழுச்செயலையும், நீரில் ஆழ்த்துவது உட்பட, குறித்தது. சேக்சுபியரின் 'ஒதெல்லோ' நாடக இறுதியில் வரும் இசுபானிய வாளின் சிறப்பு, அது குளிர்நீரோடையில் பெற்ற 'டெம்பர்' என்றே பேசப்படுகிறது. முதற் சூடு வேறு, இரண்டாம் சூடு வேறு என்னும் சொல்வரையறை தொழிற்சாலைக் காலத்தில்தான் இறுகியது. அகராதியின் பொருள் நின்ற இடத்திலேயே நிற்க, ஆங்கிலச் சொல் நகர்ந்துவிட்டது.

இரண்டாவது காரணம் ஊர்க்கொல்லரின் செய்முறை. உளி, கடப்பாரை போன்றவற்றுக்குத் தோய்ச்சல் இடும்போது கருவி முழுவதையும் நீரில் ஆழ்த்துவதில்லை. முனையை மட்டும் நனைத்து எடுத்து, கல்லிலோ மணலிலோ தேய்த்து வெள்ளையாக்கிப் பார்ப்பர். மேற்பகுதியில் எஞ்சியுள்ள வெப்பம் முனையை நோக்கி இறங்கும். தேய்த்த இடத்தில் முதலில் வைக்கோல் நிறமும், பின்னர்ப் பழுப்பும், ஊதாவும், முடிவில் நீலமும் ஓடும். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 220 பாகையையும் நீலம் 300 பாகை அளவையும் காட்டும். வேண்டிய நிறம் முனையை எட்டியதும் முழுவதையும் நீரில் இடுவர். இங்கு இரண்டாம் சூடு இல்லாமல் இல்லை; தனி உலையின்றி, எஞ்சிய சூட்டாலேயே அது நிகழ்கிறது. ஆகவே 'தோய்ச்சல்' என்னும் ஒரே சொல் இரு மாற்றங்களையும் தாங்கி நின்றது. நிறம் பார்க்கும் அந்த நொடிக்கு வழங்கும் சொல் 'பதம்'. பாகு, சோறு, மண், தோல் என எல்லாவற்றுக்கும் உரிய அச்சொல், கூட்டியும் குறைத்தும் அடையும் சரியான நிலை என்னும் பொருளை இங்கும் தருகிறது.

வீட்டுப் பட்டறையில் கத்தி செய்வோரின் நிலை வேறு. மெல்லிய அலகில் எஞ்சிய சூடு போதியவாறு தங்காது, விரைந்து ஓடிவிடும். எனவே அவர்கள் தோய்ச்சலைத் தனியாகவும் இரண்டாம் சூட்டைத் தனியாகவும் செய்கின்றனர். பின்னதற்கு அடுமனை அடுப்பே போதுமானது. 200 பாகையில் ஒரு மணி நேரம் வீதம் இருமுறை வைத்து ஆறவிடுவது பரவலான முறை. செயல் இரண்டாகப் பிரிந்தபின் சொல்லும் பிரிந்தாக வேண்டும். தோய்ச்சல் என்பதை நீர் அல்லது எண்ணெயில் ஆழ்த்திக் கடினமாக்கும் செயலுக்கே வரையறுத்து, இரண்டாம் சூட்டைப் 'பதச்சூடு' என வழங்கலாம். 'பதப்படுத்துதல்' என்னும் பொதுச்சொல் உணவுக்கும் தோலுக்கும் மிகுதியாக ஆளப்படுவதால் அது இங்குத் தெளிவு தராது. பதச்சூடு பட்டறையில் ஏற்கெனவே உயிரோடுள்ள இரு சொற்களால் ஆனது. கேட்டவுடன் சூடும் உண்டு, அளவும் உண்டு என்பது புலனாகும். புதிதாகத் தொகுக்கப்படும் தமிழ் அகராதிகள் தோய்ச்சலுக்கு எதிரே 'குவென்ச்சிங்' என்பதையும், பழைய பொருள் என்னும் குறிப்போடு 'டெம்பரிங்' என்பதையும் தருவது பொருந்தும்.

சொல் எல்லை கடக்கும்போது பொருள் நழுவுவது இத்துறையில் புதிதன்று. தென்னிந்திய மூசை எஃகைப் பற்றி 1795இல் இலண்டன் அரச கழகத்தில் ஜார்ஜ் பியர்சன் படித்த கட்டுரையில் அது 'வூட்ஸ்' எனப்பட்டது. கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' ஆகியவற்றோடு உறவுடைய ஒரு சொல் செவியிலோ கையெழுத்திலோ சிதைந்து இவ்வடிவம் பெற்றது என்பர். பின்னர் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் ஒரு கத்தித் தொழிலாளர். ஆய்வுக்கூடத்தில் எழுந்த வினாவுக்குப் பின்னால் ஒரு கத்திப் பட்டறை இருந்தது என்பது நினைவிற்குரியது. கொடுமணல் அகழாய்வில் இரும்பு, எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்தபின் இச்சொல்லின் தொன்மையை மீண்டும் ஆராய வாய்ப்புப் பெருகியுள்ளது.

பிடியும் சாணையும்

பதச்சூடு பெற்ற அலகின் வால்பகுதியை மரப்பிடிக்குள் செலுத்தி, அரக்கு உருக்கி நிரப்பி, வாயில் பூண் இட்டு இறுக்குவது பழைய முறை. பட்டையான வாலின் இருபுறமும் மரத்துண்டுகளை வைத்து ஆணி அறைவது மற்றொரு முறை. முன்னது எடை குறைந்தது, பின்னது வலியது. உலக்கைக்கும் கத்திக்கும் பூண் என்னும் சொல் ஒன்றே.

சாணை பிடித்தலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மின்சாணையில் அலகை அழுத்திப் பிடித்தால் மெல்லிய வாய் நொடிப்பொழுதில் நீலமாகும். அந்நிறம் தோன்றினால் வாய் 300 பாகையை எட்டிவிட்டது என்பது பொருள். உழைத்துப் பெற்ற பதம் அவ்விடத்தில் இறங்கிவிட்டது. இதனைத் தவிர்க்கச் சாணை பிடிப்போர் அலகை அடிக்கடி நீரில் நனைப்பர். புதிதாகப் பழகுவோர் சிலர் இதனையும் தோய்ச்சல் என்றே கூறுகின்றனர். இது தோய்ச்சல் ஆகாது. இரும்பு இங்குப் பழுக்கவில்லை, அதன் உள்ளமைப்பும் மாறுவதில்லை. உலைக்கரியில் தெளிக்கும் நீர், செந்தீயில் காய்ந்த இரும்பு உண்ணும் நீர் ஆகியவற்றுக்கு அடுத்து இது மூன்றாவது நீர். நீலம் படர்ந்த வாயை எத்தனை முறை நனைத்தாலும் இழந்த கடினம் திரும்பாது. நிறம் மாறிய பகுதி முழுவதையும் கைக்கல்லில் மெல்லத் தேய்த்து நீக்கி, அடியில் உள்ள கெடாத எஃகை எட்டியபின் புதிய கூர் வைத்தல் வேண்டும். அப்பகுதி அகன்றதாயின் அலகை மீண்டும் உலையில் இட்டுத் தோய்ச்சலிலிருந்து தொடங்கவேண்டும்.